உலகம்மன் மழையை நிறுத்தவில்லை

1957-ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மேலகரத்தில் என் அரிசி ஆலைக் களத்தில் நாற்பது மூட்டை அவித்த நெல் சாரலில் நனைந்துகொண்டிருந்தது. பதினோரு பேர் தகரக் கொட்டகைக்கு அடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடுவதற்கு வேண்டிய பாயும் படுதாவும் அவர்கள் காலடியிலேயே சுருட்டிக் கிடந்தன. ஒருவர்கூடக் கையை நீட்டவில்லை. அவர்கள் சோம்பேறிகள் இல்லை. என்மேல் அவர்களுக்கு விரோதமும் இல்லை. அவர்களை அப்படிப் பழக்கி வைத்தவள் நான்தான்.

உலகம்மன் கோயிலில் நாம் கூடும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதை எழுந்து சொல்லும்படி பல தடவை கேட்டுவிட்டார்கள். நின்று சொல்ல எனக்கு வரவில்லை. பாதியில் அழுதுவிடுவேன், பிறகு நாலு பேர் தண்ணீர் கொண்டு ஓடி வருவார்கள், அந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்றுதான் எழுதித் தருகிறேன். நம்மில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு, பஸ் விடுகிறவர்கள் உண்டு, பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள் நிறைய உண்டு. அவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் 1954-இல் தவறிப்போனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை அவருக்கு. ஆலையை வைத்து என்ன செய்யப்போகிறாய், குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் இரு என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரமே ஆலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊர் சிரித்தது. சிரித்தவர்களுக்கு முன்னால் தோற்கக் கூடாது என்ற வீம்பில் எனக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பொம்பளைதானே என்று ஒரு தடவை ஏமாற்றிவிட்டால் பிறகு எல்லாரும் ஏறி மிதிப்பார்கள் என்ற பயம். பயந்தவள் கையில் அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னைவிட நல்ல உதாரணம் தென்காசி வட்டாரத்தில் கிடையாது.

ஆலையில் எல்லாம் என் வாயைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் விடவும் நான் சொல்ல வேண்டும், அடுப்பில் உமி தள்ளவும் நான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் குறி. களம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவித்த நெல்லைக் காலையில் களத்தில் பரப்பிக் காயப்போடுவோம். உச்சி வேளையில் அதைக் குவித்து இரண்டு மணி நேரம் ஆறவிட வேண்டும். ஒரேயடியாகக் காய்ந்தால் அரைக்கும்போது அரிசி நொறுங்கிப்போகும். அந்த நேரத்தில் ஆட்கள் சாப்பிடப் போவார்கள். நெல்லை யாரும் அள்ளிவிடக் கூடாதே என்று, செதுக்கிய மரக்கட்டையைச் சாம்பலில் தொட்டுக் குவியலைச் சுற்றிப் பதித்து வைப்போம். ஒரு படி நெல்லை அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பழைய வழக்கம்தான். எல்லாக் களத்திலும் உண்டு. ஆனால் என் களத்தில் அது வழக்கமாக இல்லை, சட்டமாக இருந்தது. நான் வந்து என் கையால் கலைக்கும்வரை குவியலை ஒருவரும் தொடக் கூடாது.

அந்த வருஷம் வைகாசியில் ஒரு நாள் வந்து பார்த்தால், ஒரு குவியலில் ஒரு பக்கத்துக் குறி கலைந்திருந்தது. களத்து வேலைக்காரி பேச்சி, ஆடு வந்து வாய் வைத்துவிட்டது, விரட்டிவிட்டு நெல்லை ஒதுக்கினேன் என்றாள். பேச்சிக்கு என் வயதுதான். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்தே களத்தில் நிற்கிறவள். குற்றாலத்து மலையைப் பார்த்தே சாரல் எப்போது இறங்கும் என்று சொல்லிவிடுவாள். நான் எதையும் யோசிக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் அவளைக் கள்ளி என்றேன். அன்றைக்கே போகச் சொல்லிவிட்டேன்.  அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

அடுத்த மாதம்தான் அந்த வெள்ளிக்கிழமை. சுரண்டை வியாபாரி ஒருவருடைய நெல் களத்தில் கிடந்தது. சாரல் காலம். வெயிலும் மழையும் கண்ணாமூச்சி ஆடும் காலம். குற்றாலத்தில் குழல்வாய்மொழி அம்மனைக் கும்பிட்டு மூன்று நாள் வெயில் கேட்டுவிட்டு வரலாம் என்று, பதினோரு மணிக்கே நெல்லைக் குவிக்கச் சொல்லி, குறி போட்டுவிட்டு பஸ் ஏறினேன். சந்நிதியில் கண்ணை மூடி, மழை வேண்டாம் தாயே என்று உருகிக்கொண்டு நிற்கிறேன். வெளியே சடசடவென்று சத்தம். அரைகுறையாகக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பஸ் கிடைத்து நான் ஆலைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வந்து பார்த்த கோலத்தைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அடுப்பு பார்க்கிற மாடசாமி வயதில் மூத்தவர். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

“நீங்க வந்து குறியக் கலைக்காம நாங்க எப்படிம்மா தொடுவோம்? ஆடு மேஞ்சதுக்கே பேச்சியப் போகச் சொல்லிட்டிய.”

நான் குவியல்களைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு குறியைக்கூடக் காணோம். மழை அத்தனையையும் கழுவிக்கொண்டு போயிருந்தது.

நனைந்த நெல் மூன்றாம் நாள் நாற்றமெடுத்தது. அரைத்தால் அரிசி கறுப்பு. என் வயல் நெல்லைக் கொடுத்து வியாபாரிக்கு ஈடு செய்தேன். நல்ல மனிதர், ஆடி பிறப்பதற்குள் இன்னொரு லோடு அனுப்புகிறேன், அதையாவது ஒழுங்காகத் தாருங்கள் அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் வீட்டில் விஷயம் அவ்வளவு லேசாக முடியவில்லை. என் கொழுந்தன் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்.

“மதினி, பொம்பள ஒத்தையா நின்னு பாக்கக்கூடிய தொழிலா இது? இன்னொருக்க நெல்லு நனைஞ்சுதுன்னா ஆலச் சாவிய எங்கிட்ட தந்துருங்க. ஒங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு கொறையும் வராது.”

அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, இன்னொரு தடவை நனைந்தால் சாவியைத் தருகிறேன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

ஆனி கடைசி வாரம் சுரண்டையிலிருந்து நெல் வந்து இறங்கியது. இந்தத் தடவை அறுபது மூட்டை. திங்கட்கிழமை தொட்டியில் ஊறப் போட்டோம். செவ்வாய்க்கிழமை காலை நான் படுக்கையிலிருந்து எழுந்திருக்கப் பார்க்கிறேன், கால் தரையில் நிற்கவில்லை. பத்து நாளாகவே உடம்புக்குள் காய்ச்சல் இருந்தது. கஷாயத்தைக் குடித்து யாருக்கும் தெரியாமல் மறைத்து வந்திருந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு டைபாய்டு என்றார். இரண்டு வாரத்துக்குப் படியிறங்கக் கூடாது, கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் கூடாது, மீறினால் நான் பொறுப்பில்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊறிய நெல் காத்திருக்காது. புதன் காலையில் அவித்தே ஆகவேண்டும். அவித்தால் காயவைத்தே ஆகவேண்டும். மலையில் மேகம் இறங்கி நிற்கிறது. என் தென்காசி வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் உச்சியில்லாத நம் கோயில் கோபுரம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இருபது வருஷம் அவர் பாடுபட்ட ஆலை, மூன்று வருஷம் நான் கட்டிக் காத்த ஆலை, இரண்டு நாளில் போய்விடும். அழுகை நிற்கவில்லை.

உள்ளே இருக்கும் உலகம்மனை நினைத்து வேண்டினேன். வேண்டினேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பது சரி. எனக்குக் காலைக் கொடு, இல்லாவிட்டால் மழையை நிறுத்து, இரண்டில் ஒன்றைச் செய் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமையாவது உன் வாசலுக்கு வராமல் இருந்திருப்பேனா என்று கணக்குச் சொன்னேன். கடைசியில், எனக்கு யார் இருக்கிறார்கள் தாயே, ஒரு ஆள் கிடையாதே என்றேன்.

அதைச் சொன்ன உடனே ஒன்று நடந்தது. அசரீரி எதுவும் கேட்கவில்லை. விளக்கு ஆடவில்லை. யாராவது அப்படி எழுதினால் நல்லாத்தான் இருக்கும், எனக்கு அப்படி இல்லை. மாடசாமி, செல்லம்மா, இசக்கி என்று ஒவ்வொருவராக என் ஆலை ஆட்களின் முகம் வரிசையாக மனசில் வந்து நின்றது. பதினோரு முகம். பன்னிரண்டாவதாகப் பேச்சி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு. ஒரு ஆள் கிடையாது என்று நான் அம்மன் முன்னால் பொய் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காய்ச்சலையும் மீறி வேர்த்தது. இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் புத்திக்கு அவ்வளவு வெளிச்சம் கிடையாது. அவள்தான் காட்டினாள்.

உடனே மாடசாமிக்கு ஆள் அனுப்பி, பேச்சியைக் கூட்டிவரச் சொன்னேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வந்தாள். உடம்பு எப்படி இருக்கிறது, கஞ்சி இறங்குகிறதா என்று விசாரித்தாள். களத்தைப் பார்த்துக்கொள்வாயா என்று நான் கேட்டேன்.  அவள் நிதானமாகச் சொன்னாள்.

“வாரேம்மா. ஆனா ரெண்டு காரியம் இருக்கு. என்னையக் கள்ளின்னு அம்புட்டுப் பேருக்கு முன்னால சொன்னிய. அத அவுக முன்னாலதான் இல்லன்னு சொல்லணும். பெறவு, மழ வந்தா குறிய நானே அழிப்பேன். ஒங்ககிட்ட கேக்க ஓடி வரமாட்டேன். கேட்டுட்டு வாரதுக்குள்ள நெல்லு நனைஞ்சிரும்.”

கூலியைக் கூட்டிக் கேட்கவில்லை. பழைய கோபத்தைக் கொட்டவில்லை. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் இந்தச் சமயத்தை விட்டிருக்க மாட்டேன், நாலு நாள் கெஞ்ச விட்டிருப்பேன். அவள் அழுக்கு உடையில் என் கட்டில் பக்கத்தில் நின்றபோது, எங்கள் இரண்டு பேரில் முதலாளி யார் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அன்றே எல்லாரையும் வீட்டு முற்றத்துக்கு வரச் சொன்னேன். என்னைத் தாங்கிப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பேச்சி திருடவில்லை, நான் சொன்னது தப்பு, நாளையிலிருந்து களத்தில் அவள் சொன்னதுதான் சொல் என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது. அதைச் சொல்வது எனக்கு நெல் மூட்டையைத் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.  செல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குறி போடும் மரக்கட்டையைப் பேச்சி கையில் கொடுத்தேன்.

புதன்கிழமை தப்பியது. நல்ல வெயில். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஓட்டின்மேல் தூத்தல் விழும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். குற்றாலச் சாரலுக்காக ஊர் ஊராக ஜனங்கள் வருகிறார்கள், அருவியில் குளித்துவிட்டு ஆஹா என்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு துளியும் நெஞ்சில் விழுந்தது. நின்றது. வெயில் அடித்தது. மறுபடி பெய்தது. களத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க ஆள் அனுப்பலாம். மூன்று தடவை கூப்பிட வாயைத் திறந்தேன். அனுப்பினால் பேச்சி என்ன நினைப்பாள்? அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே எட்டிப்பார்ப்பதற்குப் பேர் கொடுத்ததா? வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் என் வேண்டுதல் மாறியது. மழையை நிறுத்து என்று கேட்கத் தோன்றவில்லை. தாயே, அவர்கள் கைக்கு வேகம் கொடு, கால் வழுக்காமல் பார்த்துக்கொள் என்றுதான் வந்தது. அவர்களுக்காக நான் சாமியிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்று வருஷம் அவர்கள் உழைப்பில் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாள்கூட அவர்கள் பேரைச் சொல்லிக் கும்பிட்டதில்லை. சொல்லச் சொல்ல மனசு இறங்கி அமைதியானது. நெல் போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. ஒரு நிமிஷம்தான். பொய் சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பேச்சி வந்தாள். தலை ஈரம், சேலை முழங்கால்வரை சேறு. முந்தியில் முடிந்துவைத்திருந்த நெல்லை அவிழ்த்து என் கையில் கொட்டினாள்.

“நாலு மழ பெஞ்சுதும்மா. நெல்லு காஞ்சிட்டு. கடிச்சுப் பாருங்க.”

ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தேன். மாவாக நசுங்காமல் டக்கென்று உடைந்தது. காய்ச்சலில் கசந்துபோயிருந்த வாய்க்கு அதைவிட ருசியான பண்டம் இருந்ததில்லை.

நடந்ததை மாடசாமிதான் விவரமாகச் சொன்னார். மேகத்தில் மலை முகம் மறைந்த உடனே, முதல் துளி விழும் முன்பே பேச்சி குரல் கொடுத்தாளாம். பன்னிரண்டு பேரும் பாய்ந்து நெல்லைத் தள்ளிக் குவித்து, பாயைப் போட்டு, மேலே படுதாவை இழுத்து, ஓரத்தில் கல்லை வைத்தார்களாம். மழை விட்டதும் எடுத்துப் பரப்பினார்கள். இப்படி நாலு தடவை. மத்தியானம் சாப்பிட ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. இதையெல்லாம் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களுக்கு எப்போதும் தெரிந்திருந்த வேலை. நான்தான் குறுக்கே நின்றிருக்கிறேன்.

நாலாவது மழை வரும்போது என் கொழுந்தன் ஆலை வாசலில் வந்து நின்றிருக்கிறார். எதற்கு வந்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும். காற்று பலமாக அடித்து படுதாவின் ஒரு முனை பறந்திருக்கிறது. பேச்சி அவரைப் பார்த்தாளாம்.

“சும்மா நிக்கியளே அய்யா, இந்த முனையப் பிடிங்க.”

பிடித்துவிட்டார்! வெள்ளை வேட்டி சட்டையோடு, மழை விடும்வரை, அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாராம். மறுநாள் என்னைப் பார்க்க வந்தார். சாவியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இந்த மாதிரி ஆட்களை வைத்துக்கொண்டு நான் எதற்கு மதினி என்று மட்டும் சொன்னார். பெரிய மனசு உள்ளவர்தான் அப்படிச் சொல்ல முடியும். சுரண்டை வியாபாரி அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, அடுத்த லோடு எப்போது அனுப்பலாம் என்று கேட்டார். அந்த வருஷத்திலிருந்து அவர் வேறு ஆலைக்குப் போனதில்லை.

நான் இருபது நாள் கழித்துத்தான் எழுந்து நடந்தேன். முதலில் உலகம்மன் சந்நிதிக்குப் போனேன். கேட்க ஒன்றும் இல்லை, சும்மா நின்றுவிட்டு வந்தேன். காலைக் கொடு என்றேன், கொடுக்கவில்லை. மழையை நிறுத்து என்றேன், நிறுத்தவில்லை. எனக்கு ஏற்கெனவே கொடுத்திருந்ததைக் கண்ணைத் திறந்து பார்க்க வைத்தாள். கேட்டதைவிடப் பெரிதாகக் கொடுப்பது அவள் வழக்கம்.

அதற்குப் பிறகு ஆலையில் தொட்டிக்கு ஒருவர், அடுப்புக்கு மாடசாமி, களத்துக்குப் பேச்சி என்று அவரவர் பொறுப்பு ஆனது. நான் யோசனை கேட்கப் பழகினேன். முதலில் தெரியாதது மாதிரி நடித்துக் கேட்டேன், பிறகு உண்மையிலேயே தெரியாது என்று விளங்கியது. ஐந்து வருஷம் கழித்து இன்னொரு களம் போட்டோம். 1963-இல் காசிக்கு யாத்திரை போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினேன். ஆலை ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. நான் இல்லாமல் ஏதாவது ஒன்றாவது கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று மனசு ஓரத்தில் ஒரு நப்பாசை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா, அம்மன்தான் பொறுமையாக நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள்.

தொழில் நடத்துகிற அண்ணாச்சிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கும் ஒரு நாள் காலும் கையும் ஓயும். ஒரு ஆள் இல்லையே என்று நெஞ்சடைக்கும். அப்போது தயங்காமல் அவள் காலில் போய் விழுங்கள். கோபம் வந்தால் சண்டையும் போடுங்கள், தாய்தானே. ஆனால் விழுந்துவிட்டு எழுந்ததும் உங்களைச் சுற்றி நிற்கிறவர்கள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். அவள் பதிலை அங்கேதான் நிறுத்தி வைத்திருப்பாள்.

போன மாதம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். வெயில் நன்றாக இருந்தது. நெல்லைப் பரப்பலாமே என்றேன். பேச்சி மலையைப் பார்த்துவிட்டு, வேண்டாம், தூத்தல் வரும் என்றாள். பரப்பவில்லை. மழை வரவே இல்லை. சாயங்காலம்வரை வெயில் கொளுத்து கொளுத்தென்று கொளுத்தியது, ஒரு நாள் வெயில் வீண். நான் ஆபீஸ் அறையில் மோரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சி வாசலில் வந்து நின்றாள்.

“இன்னைக்கு நான் ஏமாந்துட்டேம்மா.”

“நாளைக்குக் காயட்டும், பேச்சி. வா, மோர் இருக்கு, குடி” என்றேன்.

டைபாய்டிலிருந்து என்னைப் பிழைக்க வைத்ததைவிட இதைத்தான் உலகம்மன் எனக்குச் செய்த பெரிய அற்புதம் என்று நினைக்கிறேன்.